கடல்மேல் ஒரு பர்மிட்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியின் மேற்கு, தெற்குக் கரைகளில் டிசம்பர் 15 வந்ததும் ஜெட் ஸ்கிகள் கரையேறிவிட வேண்டும். படகின் பின்னால் பாராசூட்டில் பறக்கவிடும் பாராசெயிலிங் தொழிலுக்கும் அன்றோடு விடுமுறை. மறுபடி கடலில் இறங்க மே 15 கழிய வேண்டும். வட அமெரிக்காவின் குளிருக்குத் தப்பிவரும் பயணிகள் இந்தத் தீவில் குவிவது இந்த மாதங்களில்தான். கடன் வாங்கிப் படகு வாங்கியவருக்கு வருமானம் கொட்ட வேண்டிய காலத்தில் ஐந்து மாதம் முழுக் கடையடைப்பு.

தடைக்குக் காரணம் கூன்முதுகுத் திமிங்கலங்கள். கோடையில் அலாஸ்காக் கடலில் மேய்ந்து கொழுத்த இந்தப் பெரிய உயிர்கள், குளிர்காலத்தில் ஹவாயின் வெதுவெதுப்பான நீருக்கு வந்து இணைசேர்ந்து குட்டி போடுகின்றன. மாவிக்கும் லானாய் தீவுக்கும் இடையிலுள்ள ஆழம் குறைந்த கால்வாய் அவற்றுக்குப் பிறந்த வீடு மாதிரி. மூச்சுவிட அடிக்கடி மேலே வரும் குட்டிக்கு அருகில் ஒரு ஜெட் ஸ்கி சீறிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திமிங்கலத்தை 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசின் விதி இருக்கிறது. ஹவாய் சட்டமன்றம் அது போதாது என்று கருதி, அந்தப் பருவத்துக்கே இந்த வகை வண்டிகளை விலக்கிவிட்டது.

இதை எதிர்த்து இரண்டு பாராசெயிலிங் நிறுவனங்கள் ஹவாயின் மத்திய நீதிமன்றத்துக்குப் போயின. அவற்றில் ஒன்றான யூஎஃப்ஓ சூட்டிங் பெயரில்தான் இந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. அவர்கள் வைத்த வாதம் லேசானதல்ல. தங்கள் படகுகளுக்குக் கரையோரக் கடலில் தொழில் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது, பிறகு மாநில அரசு குறுக்கே நின்று தடுப்பது எப்படி என்றார்கள். கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்க 1972இல் வந்த மத்தியச் சட்டம், அந்த விஷயத்தில் மாநிலங்கள் தாமாகச் சட்டம் போட்டு அமல்படுத்துவதைத் தடுக்கிறது என்பது இரண்டாவது வாதம்.

லைசென்ஸ் பற்றிய வாதத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வயது. நியூயார்க் மாநிலம் நீராவிக் கப்பல் விடும் ஏகபோக உரிமையை ராபர்ட் ஃபுல்டனுக்கும் அவருடைய கூட்டாளி லிவிங்ஸ்டனுக்கும் கொடுத்திருந்தது. அவர்களிடம் அனுமதி பெற்றுக் கப்பல் ஓட்டியவர் ஆக்டன். 1793ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி வாங்கிய லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்குப் போட்டிக் கப்பல் விட்டவர் கிப்பன்ஸ். 1824இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கிப்பன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தார். மத்திய லைசென்ஸுக்கு முன் மாநிலத்தின் ஏகபோகம் செல்லாது என்றார். அமெரிக்க வணிகச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்புகளில் அது ஒன்று. அதிலிருந்து கிளம்பிய வாதம்தான் மாவித் தீவின் பாராசூட் படகுகள்வரை வந்து சேர்ந்தது.

2004இல் நீதிபதி டேவிட் எஸ்ரா நிறுவனங்களின் பக்கம் தீர்ப்பளித்தார். 1972ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்தின் கையைக் கட்டியிருக்கிறது, எனவே பருவத் தடையை அமல்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாபெரும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு சிறு பிரிவு நுழைந்தது. கூன்முதுகுத் திமிங்கலங்களைக் காப்பதற்காக ஹவாய் மாநிலம் தன் கடற்பரப்பில் படகுகளுக்கு விதிக்கும் கட்டுப்பாடு, மத்திய விதியைவிடத் தளர்வாக இல்லாதவரை செல்லும் என்றது அந்தப் பிரிவு. எஸ்ரா தன் தடையுத்தரவை விலக்கிக்கொண்டார். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2007 நவம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் சட்டம் செல்லும் என்று முடித்தது. மத்திய லைசென்ஸ் ஒரு படகுக்குத் தொழிலில் இறங்கும் தகுதியைத் தருகிறது, நியாயமான, பாரபட்சமில்லாத சுற்றுச்சூழல் விதிகளிலிருந்து அந்தப் படகுக்கு விலக்குத் தருவதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

நிறுவனங்களின் ஆதங்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஓர் அரசு கொடுத்த தாளை நம்பி முதலீடு செய்தவனிடம் இன்னோர் அரசு வந்து ஐந்து மாதம் வேலை செய்யாதே என்கிறது. நீதிமன்றம் சரி என்று சொன்னதை நாடாளுமன்றம் ஒரே பிரிவில் கவிழ்க்கிறது. ஆனாலும் அந்தக் கால்வாயில் குட்டி போட வரும் தாய்க்கு வேறு போக்கிடம் இல்லை. படகுக்கோ மீதி ஏழு மாதம் இருக்கிறது. இழப்பை யார் தாங்க முடியும் என்று எடைபோட்டால் தீர்ப்பு சரியென்றே படுகிறது.

எத்தனையோ விசைப்படகுகள் கடலில் ஓடும்போது ஜெட் ஸ்கியை மட்டும் ஏன் தனியாகப் பிடிக்கிறார்கள்? தொழில் செய்பவர்கள் ஒவ்வொரு வழக்கிலும் கேட்கும் கேள்வி இது. விடை அந்த இயந்திரத்தின் அமைப்பில் இருக்கிறது. அதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிவயிற்றால் நீரை உறிஞ்சி, பின்புறக் குழாய் வழியே பீய்ச்சியடித்து அந்த விசையில் பாய்கிறது. அதனால் முழங்காலளவுத் தண்ணீரிலும், மற்றப் படகுகள் எட்டிப் பார்க்காத நாணல் கரையிலும், கடல்நாய்கள் படுத்திருக்கும் பாறையோரத்திலும் அது புகுந்துவிடுகிறது. ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டே இருப்பதுதான் அதில் சவாரியின் சுவையே. திருப்புவதும் அந்தப் பீய்ச்சும் நீரால்தான் என்பதால், பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பழைய வகை வண்டிகள் கைப்பிடி திருப்பினாலும் திரும்பாமல் நேரே போய் மோதும். வாடகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் முதல்முறை ஓட்டுபவர். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் ஊற்றிய பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலே தண்ணீரில் கலந்தது. கலிஃபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் இடையிலுள்ள டாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் படகு இன்ஜின்களுக்கு 1999 ஜூனிலிருந்து தடை வந்ததற்கு இதுதான் காரணம்.

கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவை 1992இல் தேசியக் கடல் சரணாலயமாக அறிவித்தபோது, ஜெட் ஸ்கிகளுக்கு அங்கே நான்கு பகுதிகள் மட்டும் ஒதுக்கப்பட்டன. கடல் நீர்நாய்கள் மிதந்தபடி குட்டியைக் கொஞ்சும் கெல்ப் பாசிக் காடுகள் நிறைந்த விரிகுடா அது. உற்பத்தியாளர்கள் சங்கம் வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றத்தில் வென்றது. 1995இல் தலைநகர் வாஷிங்டனிலுள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லாப் படகுகளையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தினால்தான் ஒன்றை ஒழுங்குபடுத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதிகத் தொல்லை தருவதிலிருந்து அரசு ஆரம்பிக்கலாம் என்றது. வாதத்தில் வென்ற அரசு சொல்லில் தோற்றது. விதியில் ஜெட் ஸ்கி என்றால் 15 அடிக்குக் குறைந்த, ஓட்டுநரோடு இன்னொருவர் மட்டும் ஏறக்கூடிய வண்டி என்று வரையறுத்திருந்தார்கள். கொஞ்ச காலத்தில் மூன்று பேர் உட்காரும் வண்டிகள் சந்தைக்கு வந்தன. அவை வரையறைக்குள் வராததால் சரணாலயம் முழுக்கச் சுதந்திரமாகத் திரிந்தன. அந்த ஓட்டையை அடைக்க 2008 இறுதிவரை ஆயிற்று. ஒரு வரியைக் கவனக்குறைவாக எழுதியதற்கு நீர்நாய்கள் கொடுத்த விலை அது.

வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கொலைகாரத் திமிங்கலம் எனப்படும் ஓர்காக்களுக்குப் பேர்போன சான் ஹுவான் தீவுகளில் மாவட்ட நிர்வாகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1996இல் தன் எல்லைக்குட்பட்ட கடல் முழுவதிலும் ஓர் ஏரியிலும் ஜெட் ஸ்கிகளுக்குத் தடை விதித்தது. அவற்றை விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் ஓட்டுபவர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். எங்கள் வண்டி மாநில அரசிடம் பதிவு பெற்றது, பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்ட பிறகு மாவட்டம் எப்படித் தடுக்கலாம் என்றார்கள். நீர்நிலை எல்லோருக்கும் பொது, அரசு அதற்குத் தர்மகர்த்தா மட்டுமே, அப்படியிருக்க மக்களை அதிலிருந்து விலக்கலாமா என்பது அவர்களுடைய அடுத்த அம்பு.

1998இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பதிவு என்பது படகு ஓட்டுவதற்கான முன்நிபந்தனை, எங்கு வேண்டுமானாலும் ஓட்டும் உரிமையை அது தருவதில்லை என்றது. தர்மகர்த்தா பற்றிய வாதத்தை அப்படியே திருப்பிவிட்டது. நீருக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் கேடு செய்யும் ஒரு காரியத்தைக் காப்பாற்ற அந்தக் கோட்பாட்டைப் பிடித்து இழுப்பது பொருந்தாது என்றது. தடை செய்யப்பட்டது வண்டிதான், மனிதர்கள் வேறு படகில் வரலாம்.

இதுவரை சொன்ன வழக்குகளில் தொழில் செய்பவர்கள் அரசை எதிர்த்தார்கள். எதிர்த் திசையிலும் வழக்கு வரும். தேசியப் பூங்காக்களில் ஜெட் ஸ்கி அனுமதித்ததை எதிர்த்து புளூவாட்டர் நெட்வொர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு மத்திய அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2000இல் தேசியப் பூங்காத் துறை, விசைப்படகு அனுமதியுள்ள 87 இடங்களில் 66இல் ஜெட் ஸ்கியைத் தடைசெய்து, 21இல் மட்டும் வாய்ப்பை வைத்திருந்தது. அந்த 21இலும் தனித்தனியாகச் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்திய பிறகே அனுமதி என்று 2001இல் சமரசம் ஏற்பட்டது. கேப் காட் போன்ற சில இடங்கள் நிரந்தரமாகத் தடையைத் தேர்ந்துகொண்டன. மற்றவை ஆய்வு நடத்தி அனுமதி கொடுத்தன.

அந்த ஆய்வுகளின் தரத்தையும் நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. ஃபுளோரிடா, மிசிசிப்பிக் கரையோரத்திலுள்ள கல்ஃப் ஐலண்ட்ஸ், சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள பிக்சர்ட் ராக்ஸ் ஆகிய இரு பூங்காக்களில் கொடுத்த அனுமதியை 2010இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் குறைகூறித் திருப்பியனுப்பினார். நீர், காற்று, சத்தம், காட்டுயிர் என ஒவ்வொன்றிலும் பாதிப்பு பெரிதல்ல என்று எழுதியிருந்த துறை, அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்று காட்டவில்லை என்பது அவருடைய தீர்ப்பு. கோப்பில் நூறு பக்கம் இருந்தும் காரணம் இல்லையென்றால், அந்தத் தாளை நம்பி வண்டி வாங்கியவர்தான் கடைசியில் தெருவில் நிற்பார். அதனால் அரசு முதலிலேயே ஒழுங்காக ஆய்வு செய்வது தொழில் செய்பவருக்கும் காப்புதான்.

நீருக்கு அரசு தர்மகர்த்தா என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்தது 1996இல். இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையை ஒரு விடுதிக்குக் குத்தகைக்கு விட்டதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த எம்.சி. மேத்தா வழக்கு அது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் இன்னும் நேரடியாகவே பேசியது. முறையான சட்டமும் வெளிப்படையான கட்டண முறையும் வரும்வரை ஆற்றில் ராஃப்டிங், பாராகிளைடிங், மற்ற நீர் விளையாட்டுகள் எதையும் அனுமதிக்கக் கூடாது என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. பருவம் நம்பிப் பிழைக்கும் ரிஷிகேஷ் ராஃப்டிங்காரர்கள் ஒரே நாளில் முடங்கினார்கள். விதி எழுதாமல் பல ஆண்டுகள் தொழிலை நடக்கவிட்டது அரசு. அதற்கான தண்டனை துடுப்புப் போட்டவர்கள் தலையில் விழுந்தது.

மாவியில் திமிங்கலங்கள் மீண்டுவருகின்றன. ஹவாய்க்கு வரும் கூன்முதுகுக் கூட்டத்தை அழிவின் விளிம்பிலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து 2016இல் மத்திய அரசு நீக்கியது. எண்ணிக்கை ஏறிவிட்டது, இனித் தடை எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆனால் 2004ஆம் ஆண்டின் அந்தச் சிறு பிரிவு எண்ணிக்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 100 கெஜ விதியும் மாறவில்லை. டிசம்பர் 15 முதல் மே 15 வரை என்ற வரி ஹவாய்ச் சட்டத்தில் இன்றும் நீடிக்கிறது.