வயல் கணக்கு மட்டும் போதாது. வீட்டுக் கணக்கும் வேண்டும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், கீரனூரைத் தாண்டியதும் மேற்கே பாறைக் குன்றுகள் தென்படும். அவற்றின் அடியில் அமைந்த ஊர் நார்த்தாமலை. முற்காலத்தில் வணிகர்களான நகரத்தார் வாழ்ந்த இடம் ஆதலால் 'நகரத்தார் மலை' என்று வழங்கி, பின்னர் நார்த்தாமலை ஆயிற்று என்பர். விஜயாலய சோழீச்சரத்தைக் காண வருவோர் பலர். ஆனால் மலையடிவாரத்து நிலத்தை நம்பிப் பிழைப்போரின் கணக்கைப் பார்ப்போர் சிலரே.

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை, குளம், கிணறு ஆகியவையே ஆதாரம். இத்தகைய வறண்ட பகுதியில் ஒரு குடும்பம் நிலத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கடலை அல்லது உளுந்து, நாலு ஆடு, ஒரு கறவை மாடு, கட்டட வேலை, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணம் என எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குடும்பத்தின் வருமானம். அதே குடும்பம் கடலையை விற்றுவிட்டுக் கடையில் எண்ணெய் வாங்குகிறது. அதாவது விவசாயி உற்பத்தியாளர் மட்டுமல்ல, நுகர்வோரும்கூட.

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்டால் இக்குடும்பத்தின் நிலை விளங்காது. எனவேதான் பொருளாதார, சமூக ஆய்வாளர்கள் வயலில் தொடங்கி வீடு வரை வந்து கேள்வி கேட்கின்றனர். இந்த ஆய்வுகளால் விவசாயிக்கு என்ன பயன் என்பதை இங்கே பார்ப்போம்.

நூறாண்டு கண்ட ஆய்வு

தமிழகத்தில் கிராமப் பொருளாதார ஆய்வுக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான இவர், தமது மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களின் நிலை, பயிர், கூலி, கடன், உணவு ஆகிய விவரங்களைத் திரட்டச் செய்தார். 1916ல் தொடங்கிய இம்முயற்சி 1918ல் நூலாக வந்தது. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி ஆகிய தமிழ்க் கிராமங்கள் அதில் இடம் பெற்றன.

அதே கிராமங்களுக்கு 1936-37ல் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் தலைமையில் மறு ஆய்வு நடந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் சென்றனர். இருவேல்பட்டில் 2008லும் ஆய்வு நடைபெற்றது. ஒரே ஊரைத் தலைமுறை தோறும் பார்த்ததால், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, கூலியாட்கள் எப்போது வெளி வேலை தேடினர் என்பவை ஊகமாக அல்லாமல் கணக்காகத் தெரிய வந்தன.

நார்த்தாமலைக்கு இன்னும் அருகில் நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948ல் இந்தியாவுடன் இணைந்தபின் திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974ல் தனி மாவட்டமாயிற்று. அந்தத் திருச்சி மாவட்டத்தின் ஆறு கிராமங்களில் வெங்கடேஷ் ஆத்ரேயா, சுவீடன் நாட்டு அறிஞர்களான யோரன் யூர்ஃபெல்ட், ஸ்டஃபான் லிண்ட்பெர்க் ஆகியோர் 1979-80ல் குடும்பங்களை ஆய்வு செய்தனர். காவிரிப் பாசன ஊர்களும் வறண்ட ஊர்களும் இதில் சேர்ந்திருந்தன. கால் நூற்றாண்டு கழித்து அதே குடும்பங்களைத் தேடிச் சென்று மறுபடியும் விவரம் கேட்டனர். மகசூலும் வருமானமும் உயர்ந்திருந்தன. ஆனால் விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலைக்கும், அரசின் நலத்திட்டங்களுக்கும் குடும்பங்களின் முன்னேற்றத்தில் பங்கு இருந்தது. வயலை மட்டும் அளந்திருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது.

கூலி அதிகமா, விளைச்சல் அதிகமா?

இந்தியா முழுமைக்கும் உள்ள கணக்கு இதையே காட்டுகிறது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பின் 2018-19 கணக்கெடுப்பின்படி, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். இதில் பயிர்ச் சாகுபடியில் கிடைத்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளமாகக் கிடைத்ததோ 4,063 ரூபாய். கால்நடை மூலம் 1,582 ரூபாய். அதாவது விவசாயி என்று பெயர் பெற்ற குடும்பம், விளைச்சலைவிடக் கூலியில்தான் அதிகம் ஈட்டுகிறது. தமிழ்நாட்டின் சராசரி மாத வருமானம் 11,924 ரூபாய்.

சொந்த உழைப்புக்கு மதிப்பு

இத்தகைய கணக்குகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது குடும்பத்தாரின் உழைப்பு. 1954-55 முதல் மத்திய அரசு நடத்திய பண்ணை நிர்வாக ஆய்வுகளில் அன்றைய சென்னை மாநிலத்தின் சேலம், கோயமுத்தூர் மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. பல மாநிலங்களின் ஆய்வு முடிவுகளைப் பார்த்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், 1962ல் ஒரு கட்டுரையில் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட்டார். குடும்ப உழைப்புக்கு வெளிக்கூலி விகிதத்தில் மதிப்புப் போட்டால் பெருவாரியான பண்ணைகள் நஷ்டத்தில் நடப்பதாகத் தெரிகிறது. பொதுவாகப் பண்ணையின் பரப்பு கூடக்கூட ஏக்கருக்கான உற்பத்தி குறைகிறது. சிறு விவசாயி தன் வீட்டாரின் உழைப்பைக் கணக்குப் பாராமல் கொட்டுவதால்தான் நிலம் கூடுதலாக விளைகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

1970-71 முதல் சாகுபடிச் செலவு ஆய்வுத் திட்டம் நாடு முழுவதும் நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் இதை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேற்கொள்கிறது. தேர்ந்தெடுத்த கிராமங்களில், நிலப்பரப்பை ஐந்து வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு இருவர் வீதம் பத்து விவசாயிகளின் வரவு செலவு பதியப்படுகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் விலைக் கமிஷன் இந்தக் கணக்கைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது.

கமிஷன் மூன்று வகைச் செலவைக் கணக்கிடுகிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ஒன்று. அதனுடன் குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்தது இரண்டாவது. சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பையும் சொந்த முதலுக்கான வட்டியையும் கூட்டினால் மூன்றாவது. ஆதரவு விலை 2018-19 முதல் இரண்டாவது வகைச் செலவைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு என்று நிர்ணயிக்கப்படுகிறது. மூன்றாவது வகையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது விவசாய சங்கங்களின் கோரிக்கை.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கை விளக்குவதற்காக, கற்பனை எண்களைக் கொண்டு ஒரு ஏக்கர் மானாவாரி உளுந்தைப் பார்க்கலாம். உழவு, விதை, மருந்து, ஆள் கூலி ஆகியவற்றுக்குக் கையிலிருந்து செலவு 8,000 ரூபாய். மகசூல் 300 கிலோ. கிலோ 70 ரூபாய் வீதம் வரவு 21,000 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் 13,000 ரூபாய் இலாபம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து 20 ஆள் நாள் உழைத்திருந்தால், நாளுக்கு 400 ரூபாய் வீதம் 8,000 ரூபாய். இதைச் சேர்த்தால் செலவு 16,000. மிச்சம் 5,000 ரூபாய்தான். நிலத்தின் குத்தகை மதிப்பு 4,000, முதலுக்கு வட்டி 500 என்று வைத்துக்கொண்டால் எஞ்சுவது வெறும் 500 ரூபாய்.

இனி, கணக்கெடுப்பாளர் கேட்கும்போது, "வீட்டு ஆள்தானே, அதை ஏன் எழுதுவானேன்?" என்று 20 நாளை 10 நாளாகச் சொன்னால் என்ன ஆகும்? 20 நாள் எழுதினால் கிலோவுக்கு ஆகும் செலவு சுமார் 53 ரூபாய். அதன் ஒன்றரை மடங்கு 80 ரூபாய். 10 நாள் எழுதினால் செலவு 40 ரூபாய். ஒன்றரை மடங்கு 60 ரூபாய். மறந்துபோன பத்து நாளால் கிலோவுக்கு 20 ரூபாய் குறைகிறது. ஆதரவு விலை ஒருவர் கணக்கைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவதில்லை. பலருடைய சராசரியே எடுக்கப்படுகிறது. ஆனால் எல்லோரும் இதே நாட்களை விட்டுவிட்டால் சராசரியும் தாழ்ந்துதானே போகும்?

பெண்களின் நேரம்

விடுபடும் நாட்களில் பெரும்பகுதி பெண்களுடையது. களை எடுப்பு, கடலை ஆய்தல், காய வைத்துப் புடைத்தல், மாட்டுக்குத் தீவனம், தண்ணீர் சுமத்தல் எல்லாம் "சும்மா செய்த வேலை" என்று போய்விடுகின்றன.

பெண்களின் நேரத்துக்கு விலை உண்டு என்பதை புதுக்கோட்டை மாவட்டமே நிரூபித்திருக்கிறது. 1991ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். இதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமானதையும், விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிந்ததையும் எடுத்துக்காட்டினார். மிச்சமான நேரம் வருமானமாக மாறிற்று.

வாங்குவோர் எதை வாங்குகின்றனர்?

நுகர்வோர் ஆய்வும் விவசாயிக்குப் பயன்படும். 1999-2000ல் கிராமக் குடும்பங்களின் செலவில் தானியத்துக்குப் போனது நூற்றுக்கு ஏறத்தாழ 22 ரூபாய். 2022-23 கணக்கெடுப்பில், இலவசமாகப் பெற்ற பொருள்களின் மதிப்பைச் சேர்க்காமல் பார்த்தால், அது ஏறத்தாழ 5 ரூபாய்தான். பாலுக்கும் பால் பொருள்களுக்கும் 8 ரூபாய்க்கு மேல் போகிறது.

நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு வருகிறது என்பதும் முக்கியம். ரிசர்வ் வங்கி 2024ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின்படி, தக்காளியில் விவசாயிக்குக் கிடைப்பது ரூபாய்க்கு சுமார் 33 பைசா. வெங்காயத்தில் 36 பைசா. பாசிப் பயற்றில் சுமார் 70 பைசா, துவரையில் 65 பைசா, பாலில் சுமார் 70 பைசா.

இது அகில இந்திய அளவிலான மதிப்பீடு. இருந்தாலும், பயறும் கறவை மாடும் தண்ணீர் குறைந்த நார்த்தாமலை போன்ற ஊருக்கு ஏற்றவை என்பதோடு, அவற்றில் இடைச்செலவும் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இதே மாவட்டத்தில் வம்பனில் இருப்பது கூடுதல் வசதி. புதிய இரகங்கள் பற்றி அங்கே கேட்டறியலாம்.

செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ள வேண்டும்: தேதி, செய்த வேலை, வெளியாள் கூலி, வீட்டு ஆள் நாள் (ஆண், பெண் தனித்தனியாக), பொருள் செலவு அல்லது வரவு. மாடு, ஆட்டுக்குத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துக்கொண்ட நெல், பயறு, பாலையும் அன்றைய விலை போட்டு வரவில் எழுத வேண்டும். கடனுக்குக் கொடுத்த வட்டியை மறக்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரவில் இதை எழுதிக் கொடுக்கலாம்.

கணக்கெடுப்பாளர் வரும்போது, உண்மையைச் சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி திரட்டப்படும் தனிப்பட்டோர் விவரங்களைப் புள்ளியியல் நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, எந்த ஆய்வு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நோட்டைப் பார்த்தே பதில் சொல்லலாம். வீட்டுப் பெண்களும் உடன் அமர்ந்து பதில் சொல்வது மிகவும் அவசியம்.

வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் விதைப்புத் தொடங்கும் நாளிலிருந்தே இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினால், அறுவடை முடிந்ததும் எந்தப் பயிர் உண்மையில் கூலியாவது கொடுத்தது, எது அதுவும் கொடுக்கவில்லை என்பதை ஒவ்வொரு விவசாயியும் தாமே கண்டுகொள்ளலாம். அடுத்த பட்டத்துக்கு எதை விதைப்பது என்று முடிவு செய்ய அதுவே துணை நிற்கும்.