கேளா ஒலியிற் காணும் உருவம்

வீதியில் அடிபட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் இருவரை மனத்திற் கொள்வோம். ஒருவன் கை முறிந்து கதறுகின்றான். அவனைச் சூழ்ந்து நிற்போரும் பதறுகின்றனர். பக்கத்துக் கட்டிலில் மற்றவன் முகம் வெளிறி, பேச்சின்றிக் கிடக்கின்றான். புறத்தே அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆயின் மண்ணீரல் கிழிந்து வயிற்றினுட் குருதி பெருகிக்கொண்டிருக்கின்றது. இவ்விருவருள் எவனை முதலிற் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு செல்வது? அவசர வைத்தியம் என்னும் துறை பெரும்பாலும் இவ்வகை வினாக்களைச் சுற்றியே வளர்ந்தது என்பது என் துணிபு.

முன்னை நாளில் வைத்தியர் வயிற்றை அழுத்தியும் தட்டியும் பார்த்தனர். மயங்கிக் கிடப்பவன் நோவு இன்னவிடத்து என்று சொல்லான்; மது அருந்தியவன் சொல்லும் சொல்லை நம்புதற்கில்லை. ஐயம் வலுத்தால் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதே வழி. 1965இல் வேறொரு முறை வந்தது. கொப்பூழின் கீழே சிறு துளையிட்டு, குழாய் வழியே உப்புநீரைச் செலுத்தி, அதனை மீள வாங்கி, குருதி கலந்துள்ளதா என்று பார்ப்பர். நல்ல முறைதான், எனினும், குருதி இல்லாதவன் வயிற்றிலும் துளை ஒன்று மிஞ்சும். இன்றோ, கைக்குள் அடங்கும் கருவி ஒன்றை உடலின் நான்கு இடங்களில் வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை காண்கின்றனர். இதயத்தைச் சுற்றி ஓரிடம், ஈரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையில் ஓரிடம், மண்ணீரலுக்கும் இடச் சிறுநீரகத்துக்கும் இடையில் ஓரிடம், அடிவயிற்றில் ஓரிடம். மல்லாந்து கிடப்பவன் உடலிற் கசியும் குருதி பள்ளம் நாடும் நீர்போல இவ்விடங்களிலே சென்று தேங்கும். திரவம் எதிரொலி தராது. ஆகவே திரையில் அது கறுப்பாய்த் தோன்றும்.

இக்கருவிக்கு அடிப்படையான ஒலியை நம் நாட்டுப் பாடநூல்கள் கழியொலி என வழங்கும். தமிழ்நாட்டார் மீயொலி என்பர். கழி என்றவுடன் கழிவை நினைத்து முகம் சுளிக்கும் மாணவரை நான் கண்டிருக்கின்றேன். அச்சம் வேண்டா. மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களாக நன்னூலார் எண்ணிய ஆறினுள் கழியும் ஒன்று. கழிபேருவகை என்னும்போது நாம் எதனையும் கழிப்பதில்லையன்றோ! மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையே கேட்கும். வைத்தியர் பயன்படுத்தும் ஒலியோ செக்கனுக்கு 20 இலட்சம் முதல் ஒரு கோடிக்கு மேலும் அதிர்வது. உடலின் மென்தசைகளூடே அது செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்திற் சென்று, தடை கண்டவிடத்து மீளும். மீண்ட நேரத்தைக் கணக்கிட்டால் தடையின் தூரம் தெரியும். செவிக்கு எட்டாத ஒலி கண்ணுக்கு உருவாகும் விந்தை இதுவே.

வௌவால் இதனை நமக்கு முன்னரே அறிந்திருந்தது. கண்ணை மறைத்தாலும் அது முட்டாமற் பறக்கும், காதை அடைத்தால் முட்டிக்கொள்ளும் என்பதை இத்தாலியரான ஸ்பல்லன்சானி முதலியோர் 1790களிலே கண்டனர். காரணம் விளங்க 1938 வரை, கிரிபின் என்னும் அமெரிக்க அறிஞர் காலம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 1880இல் கியூரி சகோதரர் பளிங்கை அழுத்தினால் மின் பிறக்கும் என்று காட்டினர். முதலாம் உலகப் போரில் லாஞ்ஜவின் என்னும் பிரெஞ்சு அறிஞர் அப்பளிங்கைக் கொண்டே நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலியைப் பிறப்பித்தார். பின்னர் உலோகத்தினுள் வெடிப்புக் காணும் கருவியாக அது தொழிற்சாலை புகுந்தது.

தொழிற்சாலையிலிருந்து அதனை நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் கிளாஸ்கோ நகரின் மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட். போர்க்காலத்தில் விமானப்படையிற் பணியாற்றி, எதிரொலிக் கருவிகளைப் பற்றி அறிந்தவர். 1955 ஜூலை 21ஆம் நாள், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை இரண்டு கார்களின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, ரென்புறூ என்னும் ஊரில் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய மாட்டிறைச்சித் துண்டொன்றும் அங்கே ஆயத்தமாய் இருந்தது. இரும்பில் வெடிப்புத் தேடும் கருவியை அக்கட்டிகளின்மேல் வைத்தபோது, நீர் நிறைந்த கட்டி ஒருவகை எதிரொலியும் தசை நிறைந்த கட்டி வேறுவகை எதிரொலியும் தந்தன.

இனி அவர் கண்ட நோயாளி ஒருத்தியின் கதை. அப்பெண்ணுக்கு இரைப்பையிற் புற்றுநோய், அது அகற்ற இயலாத நிலையை அடைந்துவிட்டது, வயிறு வீங்கியிருப்பது அதனால் ஊறிய நீரினால் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. உடல் மெலிந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். டொனால்ட் தம் கருவியை அவ்வயிற்றில் வைத்தார். பரந்து கிடக்கும் நீர் தரவேண்டிய எதிரொலி வரவில்லை. எல்லை வரையறுத்த பெருங்கட்டி ஒன்றின் எதிரொலி வந்தது. வயிற்றைத் திறந்தனர். சூலகத்தில் எழுந்த பெரிய நீர்க்கட்டி! புற்றுநோய் அன்று. அகற்றினர், அவள் பிழைத்தாள். 1958 ஜூன் 7ஆம் நாள் ‘லான்செற்’ இதழில் டொனால்டும் மக்விக்கரும் பொறியியலாளர் பிறவுணும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தபின், எள்ளி நகையாடியோர் வாயடங்கினர். மூவருள் ஒருவர் பொறியியலாளர் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். நம்மவருள் வைத்தியத்துக்குப் பிள்ளையை விடுவோரும் பொறியியலுக்குப் பிள்ளையை விடுவோரும் இவை இரண்டு உலகம் என்று எண்ணியிருக்கின்றனர்.

அதன்பின் முப்பது ஆண்டு சென்று ஒரு கொடிய நாள் இக்கருவியின் ஆற்றலைச் சோதித்தது. 1988 டிசம்பர் 7ஆம் நாள் ஆர்மேனியாவில் நிலம் நடுங்கிற்று. ஸ்பிற்றாக் என்னும் ஊர் தரைமட்டமாயிற்று. உயிரிழந்தோர் 25,000 பேருக்குக் குறையார். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோர் தலைநகர் எரெவானின் வைத்தியசாலைக்கு வெள்ளம்போல வந்தனர். அடிபட்டோர் அத்தனை பேரையும் கிழித்துப் பார்ப்பது எங்ஙனம்? துளையிட்டு நீர் ஏற்றுவதுதான் எங்ஙனம்? 72 மணி நேரத்தில் 400 பேருடைய வயிற்றைக் கழியொலியாற் பார்த்தனர். ஓர் ஆளுக்குச் சராசரி நான்கு நிமிடம். காயம் இருந்தும் காணத் தவறியது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. 1991இல் வெளியான இவ்வறிக்கையைப் படித்தபோது, நான்கு நிமிடம் என்னும் சொல்லில் நின்றுவிட்டேன். ஒரு வெண்பாவைப் பதம் பிரித்துச் சொல்ல என் மாணவர் எடுக்கும் நேரம் அது.

ஆயினும் அக்காலத்துக் கருவி சக்கரம் பூட்டித் தள்ளிச் செல்லும் பெரும் பெட்டி. நோயாளியை அது இருக்கும் அறைக்குக் கொண்டு போதல் வேண்டும். குருதி அழுத்தம் வீழ்ந்துகொண்டிருப்பவனை அவ்வாறு கொண்டு போதல் ஆபத்து. போர்க்களத்துக்கு எடுத்துச் செல்லத்தக்க கருவி வேண்டும் என்று 1996இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் உதவிற்று. அதன் பயனாக 1999இல் ‘சொனோசைற்’ என்னும் நிறுவனம் இரண்டரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த கருவியை விற்பனைக்கு விட்டது. 2017இல் கைத்தொலைபேசியிற் பொருத்தும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று. அதனைச் செய்த நிறுவனத்தின் தலைமை வைத்தியர், தம் தொண்டையில் ஏதோ தடிப்பை உணர்ந்து, சோதனைக்காகக் கையில் இருந்த கருவியைத் தம் கழுத்திலே வைத்துப் பார்த்தார். மூன்று சென்ரிமீற்றர் அளவான கட்டி தெரிந்தது, அது புற்றுநோய். தன் நோயைத் தானே கண்ட வைத்தியரை இக்கருவி உலகுக்குத் தந்தது.

என்னிடம் தமிழ் படித்த ஒருவர் இப்பொழுது அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் வைத்தியராய் இருக்கின்றார். பொங்கல் விடுமுறையில் என்னைக் காண வந்தவர், திண்ணையில் இருத்தி, குளிர்ந்த பசை ஒன்றை என் மார்பிற் பூசி, ‘புறோப்’ எனப்படும் கருவித் தலையை அதன்மேல் வைத்தார். காற்று இடையே நின்றால் ஒலி உட்புகாது; அதற்காகவே பசை. விசிறி வடிவான சாம்பல் நிறப் படத்தில் ஏதோ திறந்து மூடிற்று.

“ஐயா, இதுதான் உங்கட இதயம்.”

“தம்பி, எனக்கு ஒன்றும் விளங்கவில்லையே.”

“முதல் ஆறு மாசம் எங்களுக்கும் விளங்கேல்லை ஐயா. நான் பாக்கிறது மூண்டே மூண்டுதான். இதயம் நல்லா அடிக்குதோ, அதைச் சுத்தி நீர் நிக்குதோ, வலப்பக்கம் வீங்கியிருக்குதோ. மிச்சத்தை இருதயப் பெரிய டொக்டர்மார் பாப்பினம்.”

அவர் அடக்கத்தினாற் சொன்ன சொல் அன்று அது. அத்துறையின் இலக்கணமே அதுதான். கதிரியக்க நிபுணர் படத்தைப் பார்த்து, ‘இதில் என்னென்ன இருக்கின்றன?’ என்று கேட்பர். அவசர வைத்தியர் ‘இது இருக்கின்றதா, இல்லையா?’ என்று மாத்திரம் கேட்பர்.

காற்று ஒலியைத் தடுப்பதால், நுரையீரலுக்கு இக்கருவி உதவாது என்பது நெடுங்கால வழக்கு. பாரிஸ் நகரையடுத்த வைத்தியசாலை ஒன்றிற் பணிபுரிந்த லிக்ரன்ஸ்ரைன் என்னும் வைத்தியர் அதனை ஏற்கவில்லை. நுரையீரலின் உள்ளே புக இயலாவிடினும், அதன் மேற்பரப்பு மூச்சுக்கு ஏற்ப வழுக்குவதைக் காணலாம். அவ்வழுக்கல் நின்றால், நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்றுப் புகுந்திருக்கலாம். நுரையீரலில் நீர் கோத்தால், வால்வெள்ளிபோல நெடுங்கோடுகள் திரையில் இறங்கும். 2008இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத்திணறி வந்த 260 பேருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் நோயைக் கருவி சரியாகக் காட்டிற்று. வழுக்கல் மறைவதை முதலிற் கண்டு எழுதியவர் 1986இல் குதிரைக்கு வைத்தியம் பார்த்த ஒருவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எல்லாவற்றிலும் விசித்திரமான நோயாளி பூமியிலேயே இருக்கவில்லை. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கச் சென்ற ஒருவருக்கு, இரண்டு மாதமானபின், ஆராய்ச்சிக்காகக் கழுத்து நாளங்களைப் பார்த்தபோது, இடப்பக்க நாளத்தில் குருதி உறைந்து கட்டியாய் நின்றது தெரிந்தது. அவருக்கு எந்த வருத்தமும் தோன்றவில்லை. அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிர் போகலாம். இறக்கிக் கொண்டுவர ஒரு வைத்தியசாலை அங்கே இல்லை. நிலையத்தில் இருந்ததோ குருதி உறைவைத் தடுக்கும் ஊசிமருந்து சிறிதளவு. பூமியிலிருந்த வைத்தியர், மருந்து தீர்ந்துவிடாதபடி அளந்தளந்து, ஏறக்குறைய 40 நாள் ஓட்டினர். 43ஆம் நாள் சரக்குக் கப்பல் குளிசைகளைக் கொண்டு சென்றது. எடையற்ற வெளியில் குப்பியிலிருந்து மருந்தை ஊசிக்குள் இழுப்பதே பெரும்பாடு. 90 நாளுக்கு மேல் சிகிச்சை நடந்தது. கீழிருந்து நிபுணர் வழிகாட்ட, நோயாளி தம் கழுத்தைத் தாமே கருவியாற் பார்த்துக்கொண்டார். திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு மருந்தை நிறுத்தினர்; இறங்கியபின் அக்கட்டிக்கு மருந்து வேண்டியிருக்கவில்லை. 2020 ஜனவரியில் வைத்திய இதழில் வெளிவந்த இவ்வறிக்கை அவருடைய பெயரையோ, அவர் ஆணா பெண்ணா என்பதையோ சொல்லவில்லை. அந்த மறைப்பை நான் மதிக்கின்றேன்.

இவ்வளவையும் கேட்டவர், இனி எந்நோயாளியும் தப்பிவிடுவான் என்று எண்ணக்கூடும். ஆய்வாளர் அப்படிச் சொல்லவில்லை. காரணம் தெரியாது குருதி அழுத்தம் வீழ்ந்து வந்த 273 பேரை வட அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் இருபாலாகப் பிரித்து, ஒருபாலாருக்குக் கருவியாற் பார்த்தும் மறுபாலாருக்குப் பாராமலும் சிகிச்சை செய்தனர். 2018இல் வெளியான முடிவின்படி, பிழைத்தோர் தொகையில் வேறுபாடு காணப்படவில்லை. காண்டல் வேறு, காத்தல் வேறு. கண்டதற்கு ஏற்ற மருந்தும் கையும் காலமும் கூடினாலன்றிக் காட்சி உயிரைத் தாராது. இவ்வாய்வை வெளியிட்டவர்கள் இக்கருவியில் ஈடுபாடு கொண்டவர்களே என்பதை எண்ணும்போது, அவர்கள்மேல் என் மதிப்பு உயர்கின்றது.

இதயம் நின்றுபோனவரிடத்து இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாய்த் தெரியும். அவருடைய மார்பை இடைவிடாது அழுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். நாடி பார்க்க நிறுத்தும் இடைவேளை 10 செக்கனைத் தாண்டலாகாது என்பது விதி. அவ்விடைவேளையிற் கருவியை வைத்து, இதயம் சிறிதேனும் அசைகின்றதா என்று பார்ப்பதிற் பயன் உண்டு. 2016இல் வெளியான 793 பேரைப் பற்றிய ஆய்வில், அசைவு தெரிந்தவருள் நூற்றுக்கு 3.8 பேர் பிழைத்து வீடு திரும்பினர், தெரியாதவருள் 0.6 பேரே திரும்பினர். ஆயின் 2017இல் வேறோர் ஆய்வாளர் குழு கடிகாரத்தை வைத்துப் பார்த்தது. கருவியின்றி நாடி பார்த்தபோது இடைவேளை சராசரி 13 செக்கன். கருவியோடு பார்த்தபோது 21 செக்கன். படத்தைப் பார்க்கும் ஆவலில் கைகள் ஓய்ந்திருந்தன. அந்த எட்டுச் செக்கனும் மூளைக்குக் குருதி செல்லாத செக்கன்கள்.

கருவியைத் தூக்கி எறியவேண்டும் என்று இதனால் எவரும் முடிவு செய்யவில்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஒரு வைத்தியசாலையார் ஒழுங்கொன்றை வகுத்தனர். ஓர் இடைவேளைக்கு ஒரு வினாவே கேட்பது. அழுத்துவதை நிறுத்துமுன்னரே புறோப்பை மார்பில் வைத்து ஆயத்தமாய் நிற்பது. ஒருவர் செக்கனை உரத்து எண்ணுவது. சிறிது நேரப் படத்தைப் பதிந்துகொண்டு, அழுத்தல் மீளத் தொடங்கியபின் அதனை நின்று பார்ப்பது. 2018இல் அவர்கள் தந்த கணக்கின்படி இடைவேளை ஏறக்குறைய நான்கு செக்கன் குறைந்தது. பத்துக்குள் அது அப்போதும் வரவில்லை.