தூரத்துப் பழக்கம்

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர என்ன வழி என்று கேட்டால், சட்டம் ஒரு பதிலும் ஊர் வேறொரு பதிலும் சொல்லும். இருபத்தைந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் தனியார் ஸ்தாபனம், காலியிடம் உண்டானால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் அங்கிருந்து அனுப்பப்படுகிறவர்களைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை அதே சட்டம் விதிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் மாமாவும், மச்சானும், பக்கத்து ஊர்க்காரரும், காண்ட்ராக்டரும் வசதியாக வந்து நிற்கிறார்கள்.

முன்பு சேலம் ஜில்லாவிலும், 1965 முதல் தர்மபுரியிலும், 2004 முதல் கிருஷ்ணகிரியிலுமாக மாறி மாறிச் சேர்ந்துவந்த இந்த எல்லையோரப் பிரதேசம், ராகியையும் வானத்தையும் நம்பிக்கொண்டிருந்த நாள்களில், தொழிற்பேட்டைகளை நிர்மாணிப்பதற்கென்று 1971-இல் தோன்றிய சிப்காட் ஸ்தாபனம் இங்கே நிலம் எடுத்துச் சாலை போட்டது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதும், தமிழ்நாட்டுச் சலுகைகள் எல்லைக்கு இப்பாலே கிடைக்கும் என்பதும் முதலாளிகளுக்கு நன்றாகவே விளங்கின. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பின்னாலேயே முளைத்தன. வேலைக்கு ஆள் வேண்டும் என்ற செய்தியை ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் கொண்டு சேர்த்தவை பத்திரிகை விளம்பரங்கள் அல்ல. முன்னால் போனவர்கள் பொங்கலுக்கு ஊர் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சுக்கள்தாம்.

இன்றும் அந்த வழக்கம் மாறிவிடவில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தில் மூக்கண்டப்பள்ளிப் பக்கத்து டீக்கடை ஒன்றில் சிறிது தாமதித்து நின்றால், ஐ.டி.ஐ. ஃபிட்டர் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும் பையனும் அவனை அழைத்துவந்த உறவினரும் பேசிக்கொள்வது காதில் விழும்.

“யாரைத் தெரியும்னு கேட்டா என்ன மாமா சொல்றது?”

“என் பேரைச் சொல்லாதடா மாப்ள. காண்ட்ராக்டர் பேரைச் சொல்லு. லைன் சூப்பர்வைசர் நம்ம ஊர்ப் பக்கந்தான், நான் சொல்லி வெச்சிருக்கேன்.”

தன் பெயரைச் சொல்லாதே என்று அந்த மாமா எச்சரிப்பதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. பையன் இரண்டே மாதத்தில் ஓடிப்போனாலும், மெஷினில் கையை விட்டுக்கொண்டாலும், அந்தப் பழி பத்து வருஷமாகக் காப்பாற்றிவந்த தமது பெயரில் வந்து விழும் என்று அவருக்குத் தெரியும். சிபாரிசு என்பது ஒருவகை ஜாமீன். முகம் தெரியாத ஒருவனை வைத்துக்கொள்ளக் கம்பெனி துணிவது அந்த ஜாமீனை நம்பித்தான். ஆகவே சிபாரிசு என்றவுடனே முகத்தைச் சுளிக்கும் நம் பட்டணத்து வழக்கத்தில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

ஆனால் உள்ளே நுழைவது வேறு, மேலே ஏறுவது வேறு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞரான மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், சமீபத்தில் உத்தியோகம் மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாகவே பெற்றிருந்தார்கள் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தத் தெரிந்தவர் யார் என்பதில்தான் விசேஷம் இருந்தது. உதவியவரை அந்நாள்களில் அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான்; எப்போதாவது கண்டு பேசும் பழைய சகாக்களும் அரைகுறைப் பரிச்சயக்காரர்களுமே பெரும்பாலோருக்கு வழி காட்டியிருந்தார்கள். 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரை சொல்லும் காரணம் எளியது. நெருங்கியவனுக்குத் தெரிந்த செய்தியெல்லாம் நமக்கும் முன்னமே தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்துக்காரனிடமிருந்துதான் வரமுடியும். பிற்காலத்தில் லிங்க்டின் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியான பரிசோதனையும் ஏறக்குறைய இதையே உறுதிப்படுத்தியது; ஒரு திருத்தம் மாத்திரம் உண்டு. அறவே அந்நியரும் பயன்படவில்லை, அணுக்கமானவரும் அவ்வளவாகப் பயன்படவில்லை. நடுத்தரத் தூரத்தில் உள்ளவரே அதிகமாகப் பயன்பட்டார்.

இதை ஓசூருக்குப் பொருத்திப் பார்க்கலாம். மாமாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு லைனும் அந்த ஒரு காண்ட்ராக்டரும். அவர் கைபிடித்து உள்ளே வந்தவன் அவருக்குக் கடன்பட்டவனாக அதே லைனில், அதே கூலியில், பர்மனென்ட் ஆகும் நாளை எண்ணிக்கொண்டு நிற்கிறான். அவனை மெயின்டனன்ஸ் பிரிவுக்கோ வேறு கம்பெனியின் டூல்ரூமுக்கோ தூக்கிவிடக் கூடியவர் வேறு விதமான மனிதர்: அப்ரெண்டிஸ் காலத்தில் பக்கத்து மெஷினில் நின்று இப்போது எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் இருப்பவர், அல்லது சப்ளையர்களின் பட்டறைகளுக்குச் சரக்கைச் சோதிக்க வந்துபோகும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பத்துப் பட்டறைகளில் ஏறி இறங்குகிற அந்த இன்ஸ்பெக்டருக்கு எங்கே ஆள் போய்விட்டான், எங்கே புதிய சி.என்.சி. மெஷின் வந்திருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. ஓசூர்க்காரனுக்கு இயல்பாகவே வாய்த்த இன்னொரு சொத்து மொழி. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவனுக்கு எல்லையின் இருபுறத்திலும் இத்தகைய தூரத்துப் பழக்கங்கள் சுலபமாக உண்டாகின்றன.

நெருக்கமான உறவு கையைப் பிடித்து ஏற்றுவதோடு காலையும் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கைவான் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பம்பாய் தாதர் பகுதிப் பள்ளிக்கூடங்களை ஆராய்ந்து 2006-இல் எழுதிக் காட்டினார்கள். ஆங்கிலம் படித்தவனுக்குச் சம்பளம் ஏறிக்கொண்டிருந்த காலத்திலும், தொழிலாளர் வேலைகளில் ஜாதிக்கட்டின் செல்வாக்குப் பெற்றிருந்த குடும்பங்களின் ஆண்பிள்ளைகள் மராத்தி வழியிலேயே படித்துத் தகப்பன் பார்த்த தொழிலுக்கே போனார்கள். அந்தக் கட்டில் இடமே இல்லாதிருந்த அவர்களுடைய சகோதரிகளோ ஆங்கிலப் பள்ளிக்குப் போய் முன்னேறினார்கள். நம் பக்கத்தில் ‘நம்ம ஆளு’ என்று அன்பாகச் சொல்லும் வார்த்தைக்குள்ளும் பல சமயங்களில் ஜாதிதான் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் அறையில் நம்ம ஆள் ஒருவரும் இல்லாத தெருக்கள் இந்த ஜில்லாவிலும் உண்டு. அத்தெருக்களிலிருந்து வருபவனுக்கு ஜாமீன் சொல்ல எந்த மாமாவும் கிடைப்பதில்லை.

இதற்குப் பரிகாரம் சிபாரிசை ஒழிப்பதுதானா? கல்கத்தாவில் லோரி பீமனும் ஜெரமி மக்ருடரும் செய்து 2012-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை வேறு விதமாக யோசிக்க வைக்கிறது. ஆளைக் கொண்டுவந்தாலே பணம் என்றபோது ஜனங்கள் உறவினரை அழைத்துவந்தார்கள். வந்தவர் செய்யும் வேலையைப் பொறுத்தே பணம் என்று மாற்றியவுடன், உறவினரைக் குறைத்துக்கொண்டு உடன் வேலை செய்தவர்களை அழைத்துவந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்டருக்கு எண்ணிக் கொடுக்கும் நம் கம்பெனிகள் இதைக் கவனித்திருக்கலாம்.

டாடா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் கடிகாரக் கம்பெனி இந்தச் சிபாரிசுச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை கண்டது. கடிகாரம் செய்து பழகியவர்கள் அக்காலத்தில் ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அபூர்வம். ஆகையால் பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடி எடுத்து, ஓசூரில் தங்கவைத்து, மூத்தவர்கள் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து, தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். மாமா இல்லாத பிள்ளைக்குக் கம்பெனியே மாமாவாயிற்று என்று இதைச் சொல்லலாம்.

இப்போது ஓசூர்ப் பக்கத்துக் கூத்தனப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் என்று வந்திருக்கும் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் பெண்களை எடுத்திருக்கிறார்கள்; ஜார்க்கண்டிலிருந்துகூடக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்தார்கள். கம்பெனி ஹாஸ்டலில் நான்கு ஜில்லாப் பெண்கள் ஒரே அறையில் படுத்து எழும்போது, எந்தத் தாய்மாமனும் ஏற்படுத்திக் கொடுக்க முடியாத தூரத்துப் பழக்கம் தானாகவே உண்டாகிவிடுகிறது. எந்தக் கம்பெனியில் பி.எஃப். ஒழுங்காகப் பிடிக்கிறார்கள், எங்கே லைன் லீடர் பதவிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று வருஷங்களில் கல்யாணத்துக்கென்று வீட்டார் திருப்பி அழைத்துக்கொண்டால் அந்தப் பரிச்சயங்களும் ஹாஸ்டல் அறையோடு கலைந்துபோகின்றன. சூப்பர்வைசர் நாற்காலி காலியாகும்போது அதற்கு உரியவள் ஊரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். திருமணத்துக்குப் பின்னும் அவள் தங்கி வேலை பார்க்கக் குடும்ப வீடுகளும், குழந்தையை விட்டுவர ஒரு காப்பகமும் சிப்காட்டுக்கு அருகில் கட்ட எவ்வளவு செலவாகும் என்று கம்பெனிகளும் அரசாங்கமும் இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.