அளம் ஓய்ந்திருக்கும்போது வாங்க, டீச்சர்!

மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்துக்குப் போகும் அம்மாக்களைப் பள்ளிக்கூடத்தில் பார்ப்பது அபூர்வம். வெயில் ஏறுமுன் உப்பை வாரிவிட வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை எழுந்து சீருடை மாட்டும் நேரத்தில் அம்மா பாத்தியில் வாருபலகையோடு நிற்பார். தருவைக்குளம் விசைப்படகுக்குப் போகும் அப்பாவோ நாள்கணக்கில் கடலிலேயே தங்குகிறவர். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், ‘பெற்றோர் நாளை காலை பத்து மணிக்குத் தவறாமல் வரவும்’ என்று வாட்ஸ்அப்பில் தகவல் போகிறது. வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அப்பா பையில், சிக்னல் எட்டாத தூரத்தில்.

வகுப்பறைக்கு வெளியே மாணவரும் ஆசிரியரும் பழகுவதைப் பற்றி எழுதக் கேட்டார்கள். சுற்றுலா, விளையாட்டு, கோடை முகாம் என்று பக்கத்தை நிரப்பிவிடலாம். ஆனால், இந்தக் கரையில் ஆசிரியர் மிதிக்க வேண்டிய முதல் இடம் பிள்ளையின் வீட்டு வாசல்.

வாத்தியார் தெருவுக்கு வருவது இங்கே புதுசும் இல்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கேட்டதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவர் கடிதங்களிலேயே இது இருக்கிறது. சொல்லிக்கொடுத்தது செபம்தான், வாய்ப்பாடு இல்லை. அதனால் என்ன, வழி நல்ல வழி. 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் பள்ளி முடிந்த பிறகு தெருவிளக்கடியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனாவுக்குப் பின் 2021-ல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யும் மாலை நேரத்தில் தெருவுக்கு வந்தது. ஆனால் வந்தவர்கள் தன்னார்வலர்கள். வகுப்பு ஆசிரியர் இல்லை.

வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? வருகைப் பதிவேட்டில் அடிக்கடி ‘தாமதம்’ வாங்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடித்து, உலை வைத்து, தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டுத்தான் அவள் தலை பின்னவே உட்காருகிறாள். இதைச் சொல்ல எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஒரு சாயங்காலம் அந்தத் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்த டீச்சர், மறுநாள் அவளை வாசலில் நிறுத்திவைக்க மாட்டார்.

எனக்குப் பெரிய கவலையே அந்த வாட்ஸ்அப் குழுதான். வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதில் விழுகின்றன. இரண்டு நீல டிக் வந்துவிட்டால் பெற்றோரிடம் பேசியாகிவிட்டது என்று கணக்கு முடிகிறது. படிக்கத் தெரியாத அம்மா, மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே போன் வைத்திருக்கும் வீடு, ரீசார்ஜ் தீர்ந்த வீடு இவையெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. அக்கறை மிகத் தேவைப்படும் பிள்ளைகள்தான் குழுவுக்கு வெளியே நிற்கிறார்கள். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகையையும் படிப்பையும் எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. பெற்றோர்தான் பள்ளிக்கு வர வேண்டும் என்று அதில் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இருட்டிய பின் பெண் ஆசிரியர்கள் தனியாகப் போவது சிரமம் என்பார்கள். உண்மைதான். இரண்டு பேராகப் போகலாம், வெளிச்சம் இருக்கும்போதே போகலாம்.

எப்போது போவது என்பதற்கு இந்த ஊரின் தொழிலே நாள் குறித்துக் கொடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். உப்பளத்தில் வேலை இல்லை. அதற்காகத்தான் அரசே தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அம்மா வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு அப்பாவும் கரையில் இருப்பார். பள்ளியைவிட்டு நிற்கும் பிள்ளை பெரும்பாலும் கோடை விடுமுறையோடு சேர்த்துத்தான் நிற்கிறது; அதைத் தடுக்கவும் அதுவே தோதான நேரம்.

ஆகவே டீச்சர், இந்த ஐப்பசியில் உங்கள் வகுப்புப் பட்டியலை எடுங்கள். குழுவில் பதிலே வராத எண்கள் எவை என்று பார்த்து, அந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.