முதுகில் ஏன் ஊசி?

"சார், பையன் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கணும்னு டாக்டர் சொல்றார். எடுத்தா கால் விளங்காமப் போயிடும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. நான் கையெழுத்துப் போடலே."

சில ஆண்டுகளுக்கு முன் நெய்வேலி நகரியத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய பன்னிரண்டு வயது மகனுக்குப் பத்து நாட்களாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. கழுத்தை முன்னால் வளைக்க இயலவில்லை. மருத்துவர் கேட்டு இரண்டு நாட்கள் கடந்திருந்தன.

நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். எனவே அவர் நன்கறிந்த சுரங்கத்திலிருந்தே தொடங்கினேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அளவுக்கு மேல்நோக்கி அழுத்துகிறது. அங்கே ஒரு குழாயை இறக்கினால் நீர் தானாகவே மேலேறும். அது ஏறும் உயரமே அழுத்தத்தின் அளவு. நம் முதுகெலும்புக்குள்ளும் இப்படி ஒரு நீர் உண்டு என்றேன்.

மூளையைத் தாங்கும் நீர்

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த திரவம் ஒன்று நிறைந்துள்ளது. இதனை மூளைத் தண்டுவடத் திரவம் என்பர். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை, இத்திரவத்தில் மிதப்பதால் ஏறத்தாழ 50 கிராம் எடையே உள்ளது போல இருக்கிறது. இல்லாவிட்டால் மூளையின் அடிப்பகுதி அதன் எடையாலேயே நசுங்கும்.

வளர்ந்தவர் உடலில் இது சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும். ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பழையது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர்! பரிசோதனைக்கு 10 மில்லிலிட்டர் எடுத்தால், அரை மணி நேரத்தில் உடலே அதை ஈடு செய்துவிடும்.

ஊசி எங்கே செல்கிறது?

1891-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குவின்கே என்ற மருத்துவர் இம்முறையை அறிமுகப்படுத்தினார். அடிமுதுகில் ஊசி செலுத்துவதற்குக் காரணம் உண்டு. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையிலோ, நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலோ நுழைகிறது. அங்கே தண்டுவடம் இல்லை. குதிரை வால் போன்ற நரம்பிழைகளே திரவத்தில் மிதக்கின்றன. ஊசி வந்தால் அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். ஆகவே கால் விளங்காமற்போகும் என்ற அச்சத்திற்குப் பெரிதும் இடமில்லை. சிசேரியன் அறுவைக்காக முதுகில் மயக்க ஊசி போடுவதும் இதே பகுதியில்தான்.

நீர் சொல்லும் செய்தி

ஒருக்களித்துப் படுத்தவரின் ஊசியோடு ஒரு கண்ணாடிக் குழாயை இணைத்தால், திரவம் பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை ஏறி நிற்கும். சுரங்கத்து நீர் 60 மீட்டருக்கு மேல் ஏறவல்லது; இதுவோ ஒரு சாண் அளவே. அந்த ஒரு சாண் இரண்டு சாணானாலே மருத்துவர் கவலைப்படுவார்.

திரவம் கலங்கியிருந்தால் சீழ் இருக்கலாம். சிவந்திருந்தால் இரத்தக் கசிவு இருக்கலாம். சர்க்கரையின் அளவு குறைந்திருந்தால் பாக்டீரியாவோ காசநோய்க் கிருமியோ காரணமாகலாம். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1955-இல் நம் வடஆற்காடு மாவட்டத்தில்தான் முதலில் அறியப்பட்டது. அதை உறுதி செய்யவும் இத்திரவத்தில் எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். நோய்க்கேற்ப மருந்து மாறும்; அதனால்தான் இச்சோதனை.

நோயாளி அறிய வேண்டியவை

முழங்கால்களை மார்போடு அணைத்துச் சுருண்டு படுக்க வேண்டும். அப்போதுதான் முள்ளெலும்புகளின் இடைவெளி விரியும். மரத்துப்போகும் மருந்து முதலில் சுருக்கென்று வலிக்கும். பின்னர் அழுத்தம் மட்டுமே தெரியும். காலில் மின்னல் போல வலி பாய்ந்தால் அசையாமல் வாயால் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மூளையில் கட்டியோ மிகுந்த அழுத்தமோ இருக்கலாம் என்று ஐயம் தோன்றினால், முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். அழுத்தம் திடீரென்று குறைந்தால் மூளை கீழ்நோக்கி நழுவும் ஆபத்து உண்டு.

சிலருக்குப் பிறகு தலைவலி வரும். துளை வழியே திரவம் கசிவதே காரணம். எழுந்தால் வலிக்கும், படுத்தால் குறையும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் நீங்கும். மெல்லிய, முனை மழுங்கிய ஊசியால் இது குறைகிறது. பல மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது இதைத் தடுப்பதில்லை. தலைவலி நீடித்தாலோ, காய்ச்சலோ கால் பலவீனமோ தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே அந்தத் தந்தை கையெழுத்திட்டார். திரவத்தைப் பார்த்த பின்னரே காசநோய் மூளையுறையைத் தாக்கியிருப்பது தெரிந்து, உரிய மருந்து தொடங்கியது. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் பையன் சொந்தக் கால்களாலேயே நடந்து பள்ளிக்குப் போனான். ஆனால் ஒரு காது மந்தமாகிவிட்டது. வீணான அந்த இரண்டு நாட்கள்தான் காரணமா என்று எவராலும் சொல்ல இயலாது. தந்தை மட்டும் அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாணவர்களே! உங்கள் வீட்டில் யாருக்கேனும் இச்சோதனை தேவைப்பட்டால், "எதற்காக? எப்படி? பிறகு என்ன கவனிக்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். கேட்ட பிறகு தாமதமும் வேண்டாம்.