உருகிய உப்பில் பிறக்கும் உலோகங்கள்

கோலார் பொற்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. பாறைத்தூளிலிருந்து பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு, சயனைடு மேடு என்னும் பெயருடன் இன்றும் அவ்வூரில் குன்றுகளாக நிற்கிறது. மின்வேதியியல் பாடத்தைத் தொடங்க அம்மேட்டினும் பொருத்தமான இடம் ஆசிரியர்க்குக் கிடைப்பது அரிது.

காற்றிலுள்ள ஆக்சிஜன் துணைசெய்ய, நீர்த்த சயனைடு கரைசலில் பொன் கரையும். அக்கரைசலில் துத்தநாகத்தை இட்டால், துத்தநாகம் கரைந்து பொன் படியும். எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம், எளிதில் இழக்காத உலோகத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றுகிறது என்க. மயில்துத்தக் கரைசலில் துத்தநாகத் தகட்டை இட்டுச் செம்பு படிவதைக் காட்டினால் மாணவர் இதனைக் கண்கூடாக அறிவர்.

பொன் இவ்வரிசையின் ஒரு கோடியில் நிற்க, மறு கோடியை ஒட்டி நிற்பவை லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்கள். ‘அருமண்’ என்னும் பெயர் மொழிபெயர்ப்போனுக்குச் சற்றுச் சங்கடமானது. இவை மண்ணும் அல்ல, அத்துணை அரியனவும் அல்ல. புவியோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவிற்கு உண்டு. இவற்றின் மூலப்பொருளான மோனசைட்டு, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கிறது. பல்லாண்டுகள் அது கப்பலேறி அயல்நாடு சென்றது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் ஆலை திறக்கப்பட்டபின், அதனை நம் நாட்டிலேயே குளோரைடு உப்பாக மாற்றும் பணி நடைபெறலாயிற்று.

உப்பு கிடைத்தது, உலோகம் பெறுவது வேறு காரியம். அவ்வுப்பை நீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனே வெளிப்படும். அமிலக் கரைசலில் ஹைட்ரஜனைக் காட்டிலும் நியோடிமியத்தை விடுவிக்க ஏறத்தாழ 2.3 வோல்ட் மிகுதியாக வேண்டும். ஆகவே நீரை அறவே நீக்கி, உப்பையே உருக்கவேண்டியதாகிறது. ஹில்பிராண்டு, நார்ட்டன் என்போர் 1875இல் உருகிய குளோரைடுகளை மின்பகுத்துச் சீரியத்தையும் லாந்தனத்தையும் உலோகமாகப் பெற்றனர்.

இம்முறையின் இடர்கள் இரண்டு. அருமண் குளோரைடு ஈரத்தை எளிதில் விடாது. வெறுமனே சூடேற்றினால் ஆக்சிகுளோரைடாக மாறிக் கலத்தினடியில் சேறுபோலத் தங்கும். மற்றொன்று இன்னும் விந்தையானது. பிறந்த நியோடிமியம் தன் சொந்தக் குளோரைடிலேயே மீண்டும் கரைந்துவிடும்! மும்மின்னேற்ற அயனியுடன் சேர்ந்து இருமின்னேற்ற அயனியாக அது மாறுவதே காரணம். கணக்குப்படி 1 கிலோகிராம் நியோடிமியத்திற்கு 557 ஆம்பியர்-மணி போதும். ஆனால் செலுத்தும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது.

மின்வாகனங்களின் காந்தங்களுக்கு இவ்வுலோகம் இன்று இன்றியமையாதது. ஆதலால் தொழிற்சாலைகளில் புளோரைடு உப்பையே கையாளுகின்றனர். லித்தியம் புளோரைடும் நியோடிமியம் புளோரைடும் கலந்து, ஏறத்தாழ 1,050 டிகிரி சென்டிகிரேடில் உருக்கி, நியோடிமியம் ஆக்சைடைச் சிறிது சிறிதாக இடுவர். கரியாலான நேர்மின்வாய் தேயத் தேய, உலோகம் உருகிய நிலையில் அடியிற் சேரும். ஆக்சைடு குறைந்துவிடின் கரியும் புளோரினும் கூடிய வாயுக்கள் எழும். அவை புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவினும் பல்லாயிரம் மடங்கு வலியவை. கலத்தருகே நிற்கும் பணியாளரின் கவனம் அங்கேதான் வேண்டும்.

கல்பாக்கத்தில் இதே வரிசை மறுபுறமாகப் பயன்படுகிறது. அணு உலையில் எரிந்த உலோக எரிபொருளை, லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உருகிய உப்பில் மின்பகுக்கும் ஆய்வுகள் அங்கு நடந்துள்ளன. யுரேனியம் முதலில் எதிர்மின்வாயில் படியும். அதனோடு பிறந்த அருமண் உலோகங்கள் உப்பிலேயே தங்கிவிடும்.