பிடே வாடா முதல் சாகண் வரை: ஏழைகளின் பள்ளிக்கூடம் கடந்த தூரம்

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்தில் மகாத்மா ஜோதிராவ் புலேயின் வெண்கலச் சிலையை 2003 டிசம்பர் 3-ம் தேதி அப்போதைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். கட்டாயக் கல்வி குறித்த விவாதங்களில் உறுப்பினர்கள் அவரது பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. அவரது பள்ளிக்கூடம் எவ்வாறு நடந்தது என்பதைச் சொல்பவர்கள்தான் குறைவு.

புணே நகரின் புதவார் பேட்டையில் பிடே என்ற அந்தணர் தமது வீட்டில் இடமளிக்க, 1848-ல் பெண்களுக்கான பாடசாலையை ஜோதிராவ் தொடங்கினார். அங்கு கற்பித்த மனைவி சாவித்திரிபாய்க்கு அப்போது வயது 17. தெருவில் அவர் மீது சாணியும் சேறும் வீசப்பட்டன; மாற்றுப் புடவையைக் கையோடு எடுத்துச் செல்வார். ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய ஜோதிராவின் தந்தை, 1849-ல் தம்பதியை வீட்டை விட்டு வெளியேற்றினார். எனினும் பள்ளிகள் பெருகின. அவற்றில் பயின்ற மாங் சமூகத்துச் சிறுமி முக்தாபாய், தம் மக்கள் படும் துயரை விவரித்து எழுதிய கட்டுரை 1855-ல் "ஞானோதய' இதழில் அச்சானது. அப்போது அவருக்கு வயது 14 தான்.

நாடகமும் பாடமே: அதே 1855-ல் உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே "திருதீய ரத்ன' என்ற நாடகத்தையும் ஜோதிராவ் எழுதினார். சடங்கின் பெயரால் ஏமாற்றப்படும் ஏழைத் தம்பதி, இறுதியில் இரவுப் பள்ளிக்குப் போக முடிவு செய்வதே கதை. பள்ளிக்கு ஆள் சேர்க்க இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை. ஆனால் தட்சிணைப் பரிசுக் குழு நாடகத்தை நிராகரித்துவிட்டது. அவர் வாழ்நாளில் அது அச்சேறவுமில்லை. எனினும், 1873-ல் அவர் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர்கள் பின்னாளில் தமாஷா கூத்தின் பாணியில் "ஜல்சா' குழுக்களை அமைத்து, எழுத்தறியாத கிராமங்களுக்குப் பாட்டாகவும் நடிப்பாகவும் அதே செய்தியைக் கொண்டுசென்றனர்.

12 வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என 1882-ல் ஹண்டர் கமிஷனிடம் ஜோதிராவ் கோரினார். குடியானவர் செலுத்தும் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செலவாகிறது என்பது அவரது குற்றச்சாட்டு. புணேயைச் சேர்ந்த கோபால கிருஷ்ண கோகலே 1911-ல் கொண்டுவந்த கட்டாயக் கல்வி மசோதா, அடுத்த ஆண்டு மார்ச்சில் 13-க்கு எதிராக 38 வாக்குகளில் தோற்றது. நாடாளுமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது 2009-ல்தான்.

அச்சட்டத்துக்குச் சோதனைக் களமாக இருப்பவை சாகண் போன்ற ஊர்கள். புணே-நாசிக் நெடுஞ்சாலையில் உள்ள இந்த ஊர், 1660-ல் ஷாயிஸ்தா கானின் படையை எதிர்த்து நின்ற கோட்டைக்கும், வெங்காயச் சந்தைக்கும் பெயர் பெற்றது. இன்று மோட்டார் வாகன ஆலைகளின் ஊர். ஆலையும் குடியிருப்பும் கட்டுவதற்குப் பிற மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வருவோர் ஏராளம். புலம்பெயர்ந்தோரின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது சட்டத்தின் 9-வது பிரிவு. வயதுச் சான்று இல்லை எனத் திருப்பி அனுப்பவும் கூடாது. ஆனால் கட்டட வேலை முடிந்ததும் குடும்பம் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. வீட்டில் பேசுவது ஒரு மொழி, அரசுப் பள்ளியில் மராத்தி. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காளை வகுப்புக்கு அழைத்து வருவது யார் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

மும்பையில் 1988-ல் தோன்றி 1993-ல் புணேக்கு வந்த "டோர் ஸ்டெப் ஸ்கூல்' அமைப்பு, கட்டுமானத் தளங்களிலேயே வகுப்பு நடத்தியும், பேருந்தை வகுப்பறையாக மாற்றியும் இதற்கு வழி தேடியது. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போகவேண்டும் என்ற ஜல்சாக்காரர்களின் வழிதான் அது.

பிடே வாடா இப்போது இல்லை. சிதிலமடைந்து கடைகளாகிப்போயிருந்த அக்கட்டடம், நீண்ட வழக்குக்குப் பின், தேசிய நினைவகம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் நள்ளிரவில் இடிக்கப்பட்டது.